போக்கு இல்லாத வரத்து

தமிழ் இணையத்தின் ஆரம்ப நாட்களைப் பற்றி எழுத உட்காரும் யாரும் மோடம் சத்தத்தில்தான் தொடங்குகிறார்கள். கீச்சென்று ஒரு இழுப்பு, கரகரவென்று ஒரு இரைச்சல், பிறகு அமைதி. ஒரு படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. பக்கத்து அறையில் அம்மா போனை எடுத்ததும் எல்லாம் அறுந்தது. அடுத்த பத்தியில் தவறாமல் ஒரு பெருமூச்சு வரும். அப்போது மெதுவாக இருந்தோம், அதனால் ஆழமாக இருந்தோம். மின்னஞ்சல் குழுக்கள் இருந்தன, வலைப்பூக்கள் இருந்தன, ஒரு மறுமொழியே நான்கு பக்கம் போகும். அப்புறம் பிராட்பேண்ட் வந்தது, வீடியோ வந்தது, எல்லாம் போச்சு.

இந்த வடிவத்தில் ஒரு டஜன் கட்டுரைகளாவது படித்திருப்பேன். இரண்டு நானே எழுதியிருக்கிறேன். ஆகவே இது பாதி சுயவிமர்சனம்.

அந்தக் கட்டுரைகளில் எனக்கு இப்போது உறுத்துவது ஏக்கம் அல்ல. ஏக்கப்பட யாருக்கும் உரிமை உண்டு. உறுத்துவது அவற்றின் காரண காரியம். வேகம் வந்ததால் தமிழ் இணையம் கெட்டது என்கிறார்கள். நான் வளர்ந்த திருவொற்றியூரிலிருந்து பார்த்தால் கதை ஏறக்குறைய தலைகீழ். அங்கே வேகம் வந்ததில் கோளாறு இல்லை. அது ஒரு பக்கமாக மட்டும் வந்ததுதான் கோளாறு.

*

யாருக்கு அந்த மோடம் சத்தம் கேட்டது என்பதில் ஆரம்பிக்கலாம்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது முதல் நகரங்களில் சென்னையும் ஒன்று. ஆண்டுக் கட்டணம் ஆயிரக்கணக்கில். 1998 கடைசியில் தனியார் நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்த பிறகு விலை மளமளவென்று இறங்கியது. ஆனால் டயல்-அப்புக்கு முதல் தேவை மோடம் இல்லை, வீட்டில் ஒரு தொலைபேசிக் கம்பி. எங்கள் தெருவில் நாற்பது வீடு இருந்திருக்கும். 2002இல் எங்கள் வீட்டுக்குப் போன் வந்தபோது அது தெருவின் ஐந்தாவது போன். மற்ற முப்பத்தைந்து வீட்டுக்காரர்களின் நினைவில் மோடம் சத்தம் என்று ஒன்று கிடையாது. அவர்கள் டயல்-அப்பிலிருந்து எதற்கும் 'மாறவில்லை'. பிரவுசிங் சென்டரிலிருந்து நேராகக் கைபேசிக்கு வந்தார்கள்.

இத்தனைக்கும் சென்னையின் முதல் தொலைபேசி இணைப்பகம் 1880களின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுன் எர்ரபாலு செட்டித் தெருவில்தான் ஆரம்பித்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. வடசென்னையில் எல்லாமே முதலில் வரும். சரக்குக்காக வரும். ஆட்களுக்கு வருவது அப்புறம்.

எங்கள் வீட்டில் ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர் 2003இல் வந்தது. உள்ளே ஒரு 56கே மோடம். பெட்டியில் கொட்டை எழுத்தில் 56 என்று போட்டிருக்கும். அந்த எண் இறங்குவதற்கு மட்டும்தான். 1998இல் வந்த வி.90 என்ற தரத்தில் இறங்க நொடிக்கு 56 கிலோபிட், ஏற 33.6 கிலோபிட். எங்கள் கம்பியின் கரகரப்பில் அதிலும் பாதி கிடைத்தால் பெரிய விஷயம்.

இந்த 33.6இல் எதை வெளியே அனுப்ப முடியும்? எழுத்தை அனுப்பலாம். எழுத்து மாதிரி லேசான சரக்கு உலகத்தில் இல்லை. டிஸ்கி குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறியீடு ஒரே பைட். ஒரு பக்கக் கட்டுரை இரண்டு நொடியில் போய்ச் சேரும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்துக்கு உலகம் முழுக்க இருந்த தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள் என்றால், அது இந்த லேசான சரக்கால்தான் சாத்தியமானது. அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை குறையவே இல்லை. ஆனால் ஒரு நிமிட வீடியோவைப் பத்து எம்பிக்குச் சுருக்கினாலும் அதே கம்பியில் ஏற நாற்பது நிமிடம் ஆகும். அதற்குள் இரண்டு தடவை அறுந்திருக்கும்.

ஆக, மெதுவான இணையம் எல்லோருக்கும் ஒரே மாதிரி மெதுவாக இல்லை. எழுதத் தெரிந்தவருக்கு, அதிலும் தட்டச்சு தெரிந்து, எழுத்துரு நிறுவத் தெரிந்து, வீட்டில் கம்பியும் இருந்தவருக்கு, அது போதுமான வேகம். பேசத் தெரிந்தவருக்கும் பாடத் தெரிந்தவருக்கும் அது பூட்டிய கதவு. நாம் 'ஆழம்' என்று கொண்டாடுவதில் ஒரு பங்காவது, அந்தக் கதவுக்கு வெளியே நின்றவர்கள் குரல் நமக்குக் கேட்காததால் வந்த அமைதி.

*

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அப்போது நான் போன பிரவுசிங் சென்டரில் எட்டு சிஸ்டம், பிளைவுட் தடுப்பு, ஒரே டேபிள் ஃபேன். நடத்திய அண்ணன் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சிஸ்டத்தை யாருக்கும் தரமாட்டார். அது சொல்லி எழுதுகிறவர்களுக்கு. கப்பலில் இருக்கும் பையனுக்கு, துபாயில் இருக்கும் வீட்டுக்காரருக்கு மெயில் போட வரும் அம்மாக்களுக்கு. தபால் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் மாதிரி இவர் தட்டுவார்.

ஒரு தடவை என் முறைக்குக் காத்திருந்தபோது காசிமேட்டிலிருந்து வந்த ஒரு அம்மா கால் மணி நேரம் சொல்லிக்கொண்டே போனார். போட் என்ஜின் பழுது, வட்டிக்காரன் வந்து நின்றது, தங்கச்சிக்கு வந்த வரனை ஏன் வேண்டாம் என்றார்கள், நடுவில் அழுகை, நடுவில் ஒரு கெட்ட வார்த்தை, நடுவில் சிரிப்பு. அண்ணன் கேட்டு முடித்து ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தார். நான்கு வரி. எல்லோரும் சுகம், போட் ரிப்பேர், பணம் அனுப்பவும், உடம்பைப் பார்த்துக்கொள்.

"அம்மாம்தானா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"எல்லாம் வந்துச்சிம்மா. சுருக்கமா போட்டுக்கீறேன்."

அந்த அண்ணன் நல்லவர், காசு கூட அரைவாசிதான் வாங்குவார். குற்றம் அவருடையது இல்லை. எழுத்து என்ற இடுக்கு வழியாகத்தான் எதுவும் வெளியே போக முடியும் என்றால் போகிறது இவ்வளவுதான். அந்த அம்மாவின் கால் மணி நேரப் பேச்சு அப்படியே போயிருந்தால், அன்றைக்குத் தமிழ் இணையத்தில் எழுதப்பட்ட எந்தச் சிறுகதைக்கும் அது சளைத்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

*

2004 அக்டோபர் 14 அன்று இந்திய அரசு தன் பிராட்பேண்ட் கொள்கையை வெளியிட்டது. அதில் பிராட்பேண்ட் என்றால் என்ன என்று ஒரே வாக்கியத்தில் ஒரு வரையறை இருக்கிறது. கவிதையைப் படிப்பது போல அதை நிறுத்தி நிதானமாகப் படிக்கலாம். எப்போதும் திறந்திருக்கும் இணைப்பாக இருக்க வேண்டும். இணையம் உட்பட, இரு பக்கமும் பேசிக்கொள்ளும் சேவைகளைத் தாங்க வேண்டும். ஒரு சந்தாதாரருக்குக் குறைந்தபட்சப் பதிவிறக்க வேகம் நொடிக்கு 256 கிலோபிட் இருக்க வேண்டும்.

இரு பக்கமும் பேசிக்கொள்வது என்று ஆரம்பித்த வாக்கியம் ஒரே ஒரு எண்ணில் முடிகிறது. அந்த எண் இறங்குவதற்கு. ஏறுவதற்கு எண்ணே இல்லை. வாக்கியத்தின் முதல் பாதி கொடுத்த வாக்கைப் பின்பாதி மறந்துவிட்டது.

தமிழில் டிராஃபிக்குக்குப் போக்குவரத்து என்கிறோம். போக்கு ஒன்று, வரத்து ஒன்று. அதிலும் போக்கு முதலில். இந்த வரையறையில் போக்கு இல்லை. வரத்து மட்டும்தான் இருக்கிறது.

வரையறையின் எண் பிறகு மாறியது. 2013இல் 512 கிலோபிட். 2023இல் 2 மெகாபிட். இரண்டு முறையும் மாறியது பதிவிறக்கம் மட்டுமே. இது உலக வழக்கு என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2015இல் வரையறையைத் திருத்தியபோது இரண்டு எண் சொன்னது: இறங்க 25 மெகாபிட், ஏற 3. 2024இல் அது 100க்கு 20 ஆனது. சமம் இல்லைதான். ஆனால் ஏறுவதும் ஒரு கணக்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதி வைத்ததைத்தான் பிறகு அளப்பார்கள், குறைந்தால் கேட்பார்கள்.

பி.எஸ்.என்.எல்.லின் டேட்டாஒன் சேவை 2005 ஜனவரி 14 அன்று வந்தது. கொள்கைக்கும் சேவைக்கும் நடுவில் இருந்தது மூன்றே மாதம். அந்த மூன்று மாதத்துக்குள் 2004 டிசம்பர் 26 வந்தது.

சுனாமி அன்று புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்ற மீனவ கிராமத்தில் நடந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் டிவியில் செய்தி பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்கிறார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்திய தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். ஊர் காலி செய்கிறது. 3,000 பேருக்கு மேல் பிழைத்தார்கள். அந்த நிறுவனம் 1998 முதல் புதுச்சேரி கிராமங்களில் இப்படி மையங்கள் நடத்தி வந்தது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, கடலுக்குப் போகிறவர்கள் காதில் விழும்படி ஒலிபெருக்கியில் சொல்வார்கள்.

இதில் எங்கேயும் 256 கிலோபிட் கிடையாது. ஒரு போன் கால், குழாய் மாதிரி ஒரு ஸ்பீக்கர். ஆனால் அந்த மையத்தை அமைத்தவர்கள் தகவல் உள்ளே வந்த பிறகு எப்படி வெளியே போகும் என்று யோசித்திருந்தார்கள். வந்ததைத் திரையில் வைத்துக்கொள்ளாமல் தெருவுக்கு அனுப்ப ஒரு வழி வைத்திருந்தார்கள். எங்கள் கடற்கரையில் அன்று காலை அப்படி ஒரு வழி இல்லை. எண்ணூரிலும் காசிமேட்டிலும் தண்ணீர் வந்ததைத் தண்ணீர் வந்த பிறகுதான் தெரிந்துகொண்டார்கள்.

கிராமத்து இணையத்தின் இன்னொரு சோதனை மதுரை மாவட்டம் மேலூரில் நடந்தது. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பம், என்-லோக் என்ற நிறுவனம், கிராமத்துக்கு ஒரு கியாஸ்க். 2001 வாக்கில் தொடங்கியது. வேகம் 35 அல்லது 70 கிலோபிட், நம்மூர் மோடம் அளவுதான். அங்கே மக்களுக்குப் பயன்பட்டதாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். கண்ணைப் படம் எடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை கேட்டது ஒன்று. நோய் விழுந்த வெண்டைச் செடியைப் படம் எடுத்து வேளாண் நிபுணர்களுக்கு அனுப்பியது இன்னொன்று. இரண்டுமே ஊரிலிருந்து வெளியே போனவை. சில ஆண்டுகளில் அந்த கியாஸ்குகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன, வருமானம் கட்டுப்படியாகவில்லை. ஆனால் கிராமம் இணையத்தை எதற்குக் கேட்கிறது என்பதற்கான பதில் அங்கே கிடைத்துவிட்டது. அந்தப் பதில் எந்த வரையறையிலும் ஏறவில்லை.

*

எங்கள் வீட்டுக்கு பிராட்பேண்ட் 2007இல் வந்தது. அந்த ஆண்டு தொடக்கத்தில் 2 மெகாபிட் என்று விளம்பரம் அமர்க்களப்பட்டது. டயல்-அப்பிலிருந்து மாறிய அன்று எனக்கு ஆச்சரியம் தந்தது வேகம் இல்லை. அம்மா போனில் பெரியம்மாவோடு பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கம் திறந்தது. ஒரே கம்பியில் இரண்டு பேர்.

எப்படி என்று அப்போது இன்ஜினியரிங் புத்தகத்தில் தேடிப் படித்தேன். மனிதக் குரலுக்குத் தொலைபேசியில் 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு சின்ன இடம் போதும். அதற்கு மேலே கம்பி சும்மா கிடக்கிறது. ஏடிஎஸ்எல் அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. 26 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறுவதற்கு. 138 முதல் 1,104 வரை இறங்குவதற்கு. ஏறுவதற்கு ஒரு பங்கு என்றால் இறங்குவதற்கு எட்டரைப் பங்கு. பெயரின் முதல் எழுத்துக்கு அர்த்தமே சமமற்றது என்பதுதான்.

இதில் சதி ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1980களின் கடைசியில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் ஜோசப் லெக்லைடர் இந்தச் சமமின்மையை முன்மொழிந்ததற்கு நல்ல காரணம் இருந்தது. இணைப்பகத்தில் நூற்றுக்கணக்கான கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். அங்கிருந்து கிளம்பும் சத்தமான சைகைகள், தூரத்து வீடுகளிலிருந்து மெலிந்து வந்து சேரும் சைகைகளை அமுக்கிவிடும். ஆடி மாதம் கூழ் ஊற்றும் பந்தலில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தெருமுனையில் இருப்பவர் கூப்பிடுவதைக் கேட்க முயன்றால் எப்படி இருக்கும், அது மாதிரி. இரண்டு திசைக்கும் தனித்தனி இடம் பிரித்து, ஏறுவதற்குக் குறைவாகக் கொடுத்தால் இந்தத் தொல்லை குறையும். அதோடு அன்றைய தொலைபேசிக் கம்பெனிகளின் கனவு வீட்டுக்கு சினிமா அனுப்புவதுதான். பார்க்கிறவன் திருப்பி அனுப்ப என்ன இருக்கிறது? ரிமோட் பட்டன் அழுத்தும் சைகை போதும்.

பொறியாளர்கள் செய்தது ஒரு சமரசம். நாம் செய்தது அந்தச் சமரசத்தையே நாட்டின் வரையறையாக ஆக்கியது.

எங்கள் கம்பியில் அந்தச் சமரசமும் சரியாக வேலை செய்யவில்லை. மழை பெய்தால் அறுக்கும். லைன்மேன் வந்து தெருமுனைப் பில்லர் பெட்டியைத் திறந்து காட்டினார். செம்பு இணைப்புகளில் பாசி மாதிரிப் பச்சை.

"கடல் காத்துபா. எத்தினி தபா வழிச்சாலும் திரும்பப் பச்ச புடிச்சிக்கும்."

2002லேயே சென்னைக் கடற்கரையிலிருந்து சிங்கப்பூருக்கு 3,200 கிலோமீட்டர் கண்ணாடி இழைக் கம்பி கடலுக்கடியில் போட்டாகிவிட்டது. கடலுக்குள் பிரச்சினை இல்லை. கடலோரத்தில் எங்கள் கடைசி மூன்று கிலோமீட்டர் செம்புதான் துருப்பிடித்துக் கிடந்தது.

இறங்குவது பரவாயில்லை, ஏறுவதுதான் மோசம் என்று நான் சொன்னேன். மோடம் பக்கத்தில் ஏறும் வேகம் 128 என்று காட்டியது. அவர் சிரித்தார். கேலியாக இல்லை, உண்மையாகவே புரியாமல்.

"படம் பாக்க இது தாராளம். நீ இங்கேர்ந்து இன்னாத்த அனுப்பப் போற?"

*

அனுப்ப ஒன்று இருந்தது. 2008 மழைக்காலத்தில் கடலோரத்தில் இருந்த என் அத்தை வீட்டின் முன்பக்கத்தைக் கடல் எடுத்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் இது புதிது இல்லை. சென்னைத் துறைமுகச் சுவர்கள் 1870களில் எழ ஆரம்பித்ததிலிருந்து, தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகர்ந்து வரும் மணல் துறைமுகத்துக்குத் தெற்கே தேங்கிவிடுகிறது. அதனால் மெரினா அகன்றது. அதனாலேயே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை தேய்ந்தது. பாறாங்கல் கொட்டி நிறுத்தப் பார்க்கிறார்கள். கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அரிப்பு தொடர்கிறது. மெரினாவில் சுண்டல் சாப்பிடும் யாருக்கும் தங்கள் காலடி மணல் எங்கே போயிருக்க வேண்டிய மணல் என்று தெரியாது. தெரிய வேண்டும் என்று அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. அங்கிருந்து யாரும் அனுப்பிக் காட்டியதில்லையே.

கல்லூரி நண்பனின் கேமராவை இரவல் வாங்கி இரண்டு நாள் படம் எடுத்தேன். அத்தை பேசியது, பக்கத்து வீட்டுப் பெரியவர் கடல் எங்கே இருந்தது என்று கைநீட்டிக் காட்டியது, அலை சமையலறைக்குள் வந்து பாத்திரத்தோடு திரும்பியது. மொத்தம் 600 எம்பி. அடையாறு பக்கம் சுற்றுச்சூழல் விஷயங்களில் வேலை செய்த ஒருவர் அனுப்பி வைக்கச் சொன்னார், பார்க்க வேண்டியவர்களிடம் காட்டுகிறேன் என்றார்.

128 கிலோபிட்டில் 600 எம்பி ஏறப் பத்து மணி நேரம் இருபத்தைந்து நிமிடம். எங்கள் திட்டத்தில் ராத்திரி 2 மணி முதல் காலை 8 மணி வரைதான் கணக்கில்லாமல் பயன்படுத்தலாம். ஆறு மணி நேரம். மூன்று ராத்திரி முயன்றேன். ஒவ்வொரு தடவையும் பாதியில் அறுந்தது, அறுந்தால் முதலிலிருந்து.

நான்காம் நாள் சிடியில் எழுதி, திருவொற்றியூரிலிருந்து திருவான்மியூர் போகும் 1ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். ஒன்றரை மணி நேரம். பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன், இன்ஜினியரிங் புத்தி. நொடிக்கு 890 கிலோபிட். டிரெய்லர் லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்து போன அந்த மாநகரப் பேருந்து, என் பிராட்பேண்டைவிட ஏழு மடங்கு வேகம்.

வேடிக்கையாக இந்தக் கதையைப் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஆபீஸில் எல்லோரும் சிரிப்பார்கள். சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. சிடி போய்ச் சேர்ந்த அந்த வாரத்தில் பார்க்க வேண்டியவர்களின் கூட்டம் முடிந்துவிட்டிருந்தது. அடுத்த மழைக்குள் அத்தை மணலியில் வாடகை வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வீடியோ சரியான நாளில் போயிருந்தால் வீடு நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. கடலைக் கூட்டம் போட்டு நிறுத்த முடியாது. ஆனால் ஒரு கூட்டத்தில் அத்தையின் குரல் கேட்டிருக்கும்.

*

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அடுத்த நான்கு மாதத்தில், 2017 பொங்கல் சமயத்தில், எண்ணூர்க் கழிமுகத்தில் படமாக்கிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' யூடியூபில் வெளியானது. டி.எம். கிருஷ்ணா பாடியது, வரிகள் கபேர் வாசுகி. சாம்பல் படிந்த நீரையும் அனல்மின் நிலையத்துப் புகையையும் பின்னணியாக வைத்துக் கர்நாடக ராகமாலிகையில் சென்னைப் பேச்சுத் தமிழ். அதைப் பற்றி அப்போது நடந்த விவாதம் எல்லாம் கர்நாடக இசையின் புனிதம் பற்றி. அந்தப் பாட்டில் எனக்குச் சின்ன மனக்குறை உண்டு. கழிமுகத்தைப் பற்றிப் பாடினார்கள், கழிமுகத்தில் இருக்கிறவர்கள் பாடவில்லை. ஆனாலும் எண்ணூர் என்ற பெயர் எண்ணூருக்கு வெளியே இவ்வளவு வேகமாகப் போனதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இரண்டு வாரத்தில், ஜனவரி 28 அன்று, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. அந்த எண்ணெயை ஆட்கள் பிளாஸ்டிக் வாளியால் அள்ளும் படங்களும் வீடியோக்களும் நாடு முழுக்கப் போயின. நவீனத் துறைமுகமும் வாளியும் ஒரே சட்டகத்தில். நான்கு பக்கக் கட்டுரை எழுதினாலும் அந்த வாளிக்கு ஈடாகாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்துக்குள் புகுந்தது. இந்தத் தடவை பார்த்தேன், படம் பிடித்தவர்களில் பலர் அங்கேயே வலை போடுகிறவர்கள். படகு விளிம்பில் கறுப்பு, வலையில் கறுப்பு, நீட்டிய உள்ளங்கையில் கறுப்பு. பின்னால் குரல். யாரும் சுருக்கி எழுதாத குரல். வட்டிக்காரன், பிள்ளை படிப்பு, நடுவில் ஒரு கெட்ட வார்த்தை. பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. எண்ணெய் முழுசாகப் போயிற்றா, இழப்பு முழுசாகக் கிடைத்ததா என்று கேட்டால் அங்கே யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் நடக்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

பிரவுசிங் சென்டரில் நான்கு வரியாகச் சுருங்கிய அந்த அம்மாவின் பேச்சு முழுசாகப் போக இருபது வருடம் ஆகியிருக்கிறது. 'வேகம் வந்து இணையம் கெட்டது' என்று எழுதும்போது நாம் இந்த இருபது வருடத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

*

எதிர்வாதங்களை மறைக்க விரும்பவில்லை. வீடியோவில் குப்பைதானே அதிகம்? ஆமாம். வலைப்பூக்களிலும் அதிகம் இருந்தது, நாம் நல்லதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். அனுப்புவது எல்லாம் ஒன்றிரண்டு பெரிய கம்பெனிகளின் தளத்துக்குத்தானே, யார் பார்ப்பது என்று முடிவு செய்வது அவர்கள்தானே? இது கனமான வாதம். அந்தக் கம்பெனிகள் மாதிரி ஒன்றில் சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில் எனக்கு இதற்கு முழுப் பதில் இல்லை. ஏறும் வேகம் கிடைத்தால் கேட்கும் காது கிடைத்துவிடாது. ஆனால் ஏறவே வழி இல்லாதவனிடம் காதுகளின் அரசியலைப் பேசுவது அவனுக்கு உதவாது.

இப்போது ஃபைபர் வந்துவிட்டதே, இரண்டு திசையும் சமம்தானே என்பது மூன்றாவது. நகரத்தில் பல திட்டங்களில் உண்மை. கண்ணாடி இழைக்குச் செம்பின் தொல்லைகள் இல்லை. ஆனால் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டம் பேசப்படும் இந்தக் காலத்திலும், பிராட்பேண்ட் இருக்கிறதா இல்லையா என்று அரசு கேட்கும் கேள்வி பதிவிறக்கக் கேள்விதான். 2020இல் பள்ளிகள் மூடியபோது இதன் விலை தெரிந்தது. பாடம் வந்து சேர்ந்தது. பிள்ளை பதில் சொன்னால் டீச்சருக்குத் துண்டு துண்டாகக் கேட்டது. கேமராவை ஆஃப் பண்ணு, மைக்கை ஆஃப் பண்ணு என்றார்கள். ஒரு வருடம் முழுக்க ஒரு தலைமுறை வாயை மூடிக்கொண்டு பதிவிறக்கியது.

வரையறையில் இன்னும் ஒரு எண் சேர்த்தால் இதெல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிற அளவுக்கு நான் அப்பாவி இல்லை. ஆனால் எண் இல்லாத இடத்தில் கேள்வியும் எழாது. 'நீ இங்கேர்ந்து இன்னாத்த அனுப்பப் போற' என்பது அந்த லைன்மேனின் சொந்தக் கேள்வி இல்லை. 2004இல் எழுதிய ஒரு வாக்கியம் அவர் வாய் வழியாகப் பேசியது.

போன மாதம் ஊருக்குப் போனபோது அப்பா புது இணைப்புக் கொடுத்திருந்தார். தெருவில் கேபிள் டிவி நடத்தியவரின் மகன்தான் இப்போது ஃபைபர் போடுகிறார். பழைய பில்லர் பெட்டி மூடியில்லாமல் சாய்ந்து கிடக்கிறது, உள்ளே யாரோ செம்பை உருவிக்கொண்டு போய்விட்டார்கள். பழக்க தோஷத்தில் வேகத்தை அளந்து பார்த்தேன். இறங்க 98, ஏற 97.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணா காட்டுதே. எதுனா தப்பா?"

"இல்லப்பா, சரியாத்தான் காட்டுது" என்றேன். நம்பாமல் இன்னொரு தடவை அளக்கச் சொன்னார்.